அலகுகளின் மொழியறிந்த சலீம் அலி

சேலம், நாமக்கல் சமவெளியில் சோள மணியை உடைக்கும் சிட்டுக்குருவியின் அலகு குட்டையாகத் தடித்திருக்கும். முருங்கைப் பூவில் தேனருந்தும் தேன்சிட்டின் அலகோ மெலிந்து வளைந்திருக்கும். உணவுக்கேற்பவே அலகு அமைகிறது. இந்த உறவை வாழ்நாளெல்லாம் கூர்ந்து நோக்கியவர் சலீம் அலி.

1896-இல் பம்பாயில் பிறந்த அவர், இளம் வயதிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக அவர் சுட்டு வீழ்த்திய மஞ்சள் கழுத்துச் சிட்டு எவ்வினம் என்றறியும் ஆவல், அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு இட்டுச் சென்றது. பட்டம் இல்லாததால் அரசின் விலங்கியல் ஆய்வுத் துறையில் வேலை கிட்டவில்லை. ஆயினும் அவர் சோரவில்லை. காடும் கழனியுமே அவருக்குக் கல்விக்கூடமாயின. தேனுண்ணும் பறவைகள் மகரந்தத்தையும் சுமந்து சென்று மரங்களைக் காய்க்கச் செய்வதை, 1932-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் விரித்துரைத்தார். இந்தியப் பறவைகள் குறித்த அவரது கையேடு 1941-இல் வெளிவந்தது. 1987-இல் தமது 90-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் பெயரைப் போற்றும் நாம், வேலியோரக் கல்யாண முருங்கையையும் இலவ மரத்தையும் தயங்காமல் வெட்டுகிறோம். தேனுக்கென அமைந்த அலகு தானியத்தைக் கொறிக்காது. பூமரம் போனால் தேன்சிட்டும் போய்விடும். பறவையைக் காப்பது என்பது அதன் உணவைக் காப்பதே.