அன்னை மரியான் ஊர் திரும்பவில்லை

1883ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள். பசிபிக் மாகடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளின் தலைநகராகிய ஹொனலூலுவில் 'மரிப்போசா' என்னும் நீராவிக் கப்பல் வந்து நின்றது. அமைதி அன்னை பேராலயத்தின் மணிகள் ஒலித்தன. மக்கள் திரளாகக் கூடி நின்றனர். அரண்மனை வண்டிகள் காத்திருந்தன. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் இளவரசிகள் அல்லர். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து வந்த ஏழு பிரான்சிஸ்கன் கன்னியர். தொழுநோயாளருக்குப் பணிவிடை செய்யத் தாமே விரும்பி வந்தவர்கள்.

அவர்களை அழைத்து வந்தவர் அன்னை மரியான் கோப். அவருக்கு அப்போது வயது 45. ஆறு சகோதரியரையும் அங்கே அமர்த்தி, வேலை சீராக நடக்கத் தொடங்கியதும் தாம் மட்டும் ஊர் திரும்பிவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். சபையின் தலைவி அல்லவா? சிரக்யூஸ் நகரில் எத்தனையோ பொறுப்புகள் அவருக்காகக் காத்திருந்தன.

தோழியரே, தொழுநோயாளரின் தந்தை தமியானைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அவர் கதையின் கடைசியில் யாரோ சில கன்னியர் உதவிக்கு வந்தனர் என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்குள் இருப்பவர்தான் இந்த அன்னை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

மரியான் 1838ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் ஜெர்மனியில் ஹெப்பன்ஹைம் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பார்பரா. கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, யூட்டிகா நகரில் தங்கியது. தந்தை நோயுற்று வேலை செய்ய முடியாமற்போனார். எட்டாம் வகுப்போடு பார்பராவின் படிப்பு நின்றது. தம்பி தங்கையரைக் காப்பாற்ற அவள் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். கன்னியர் மடத்தில் சேர வேண்டும் என்ற ஆசையை மனத்திலேயே வைத்துக்கொண்டு ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தாள். இரண்டு மணி நேரப் பாடவேளை நீண்டாலே பெருமூச்சு விடும் நாம் ஒன்பது ஆண்டுகள் காத்திருப்போமா என்று எண்ணிப் பார்த்தேன்.

1862இல் தந்தை இறந்தார். தம்பி தங்கையரும் ஓரளவு வளர்ந்துவிட்டனர். அதே ஆண்டில் அவர் சிரக்யூசிலிருந்த புனித பிரான்சிசின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். ஆசிரியையாகப் பணி தொடங்கியவரைச் சபை விரைவிலேயே மருத்துவமனைப் பணிக்குத் திருப்பியது. யூட்டிகாவில் 1866இலும் சிரக்யூசில் 1869இலும் சபை மருத்துவமனைகளை நிறுவியபோது அவர் முன்னின்று உழைத்தார். இன்ன இனம், இன்ன மதம் என்று பாராமல் எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். குடிப்பழக்கத்தால் கெட்டவர்களையும் சேர்த்ததற்காக ஊரார் குறை கூறினார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கை கழுவ வேண்டும் என்பதில் அவர் மிகக் கண்டிப்பானவர். அக்காலத்தில் பல மருத்துவர்களே அதைக் கடைப்பிடிக்கவில்லை.

1883இல் ஹவாயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்போது ஹவாய் தனி அரசு. மன்னர் கலாகவுவாவும் அரசி கபியோலானியும் தொழுநோயாளரைப் பராமரிக்கக் கன்னியரைத் தேடினர். ஐம்பதுக்கு மேற்பட்ட சபைகள் ஏற்கெனவே மறுத்துவிட்டன. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தொழுநோய்க்கு அன்று மருந்தே கிடையாது. தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று உலகம் நம்பியது. மரியான் அன்னையோ மகிழ்ச்சியோடு சம்மதித்தார். சகோதரியர் பலர் முன்வந்தனர். ஆறு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

மணி ஓசையும் வரவேற்பும் ஓய்ந்தபின் அவர்கள் கண்ட இடம் காகாகோ. நாடெங்கும் பிடிக்கப்பட்ட நோயாளரை முதலில் கொண்டுவந்து வைக்கும் மருத்துவமனை அது. சுமார் நூறு பேருக்கான இடத்தில் இருநூறுக்கு மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். அழுக்கு, துர்நாற்றம், கவனிப்பாரற்ற புண்கள். சகோதரியர் முதலில் கையில் எடுத்தது செபமாலையை அன்று, துடைப்பத்தையும் வாளியையும்தான் என்றே நான் கற்பனை செய்துகொள்கிறேன். தரையைத் தேய்த்தார்கள், புண்களைக் கழுவிக் கட்டினார்கள்.

1884இல் மாவி என்ற தீவுக்குச் சென்ற அன்னை, அங்கு முதல் பொது மருத்துவமனையை நிறுவினார். அதற்குள் காகாகோவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே அரசு அமர்த்தியிருந்த நிர்வாகி நோயாளரைக் கொடுமைப்படுத்தி வந்தான். அன்னை விரைந்து திரும்பினார். அவனை நீக்க வேண்டும், இல்லையேல் நாங்கள் அனைவரும் சிரக்யூசுக்குக் கப்பல் ஏறுவோம் என்று அரசிடம் உறுதியாகக் கூறிவிட்டார். அவன் நீக்கப்பட்டான், மருத்துவமனை முழுவதும் அன்னையின் பொறுப்பில் வந்தது. கன்னியர் என்றால் தலைகுனிந்து பொறுத்துப்போக வேண்டியவர்கள் என்று நினைத்தவர்கள் வாயடைத்திருப்பார்கள்!

அவரே கேட்டு வாங்கிய இந்தப் பொறுப்பினால் அவருடைய திரும்பும் பயணம் தள்ளிப்போயிற்று. அரசும் திருச்சபையும் அவரை விட விரும்பவில்லை. 1885இல் நோயாளரின் நலமான பெண்குழந்தைகளுக்கு ஓர் இல்லம் திறந்தார். நோயில்லாவிட்டாலும் அக்குழந்தைகளை ஏற்க வேறெவரும் துணியவில்லை. 1886இல் தந்தை தமியான் ஹொனலூலு வந்தார். அவருக்கே அப்போது நோய் கண்டிருந்தது. பெரியவர்கள் பலரும் ஒதுங்கிக்கொள்ள, அவரை அன்போடு வரவேற்றுப் பராமரித்தவர் மரியான் அன்னை.

பின்பு வந்த புதிய அரசாங்கம் காகாகோவை மூடிவிட்டு, நோயாளர் அனைவரையும் மொலொக்காய்த் தீவின் கலவுபாபாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. கலவுபாபாவுக்கு மூன்று பக்கம் கடல். பின்புறம் சுமார் 2,000 அடிச் செங்குத்து மலை. அங்கே போனால் ஊரையும் உறவையும் மீண்டும் காண முடியாது என்று அன்னைக்கு நன்றாகத் தெரியும். 1888 நவம்பரில் சகோதரியர் லியோப்பல்தீனா, வின்சென்சியா இருவருடன் அவர் அங்கே சென்று இறங்கினார். இம்முறை மணி ஒலிக்கவும் இல்லை, அரண்மனை வண்டி வரவும் இல்லை.

ஒருநாள் சகோதரி லியோப்பல்தீனா, எனக்கும் இந்நோய் வந்தால் என்ன செய்வீர்கள் என்று அன்னையிடம் கேட்டார். உனக்கு வராது, நம் சகோதரியர் எவருக்கும் வராது என்றார் அன்னை. அது அவ்வாறே ஆயிற்று. பெரும்பாலான மனிதருக்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையிலேயே உண்டு என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. ஆனால் அன்னைக்கு அது தெரியாதே! தெரியாமலே தொட்டார்.

1889 ஏப்ரல் 15இல் தந்தை தமியான் இறந்தார். அவர் வளர்த்த சிறுவர்களையும் சில ஆண்டுகள் அன்னையே கவனித்துக்கொண்டார். பெண்களுக்கான பிஷப் இல்லத்தில் அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சிதைந்த முகத்தோடு வந்த சிறுமியருக்கு வண்ணத் துணியில் அழகிய உடைகள் தைத்துக் கொடுத்தார். தையலும் இசையும் கற்பித்தார். வறண்ட மண்ணில் மரங்களும் பூச்செடிகளும் நட்டார். மறுநாள் இறக்கப்போகிறவளுக்கு எதற்குப் புது கவுன் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. 'புதையல் தீவு' கதையை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1889 மே மாதத்தில் அங்கு வந்து, அச்சிறுமியரோடு விளையாடினார். திரும்பிச் சென்றபின் அவர்களுக்கு ஒரு பியானோ அனுப்பி வைத்தார்.

ஆண்டுகள் சென்றன. அவரை அழைத்த மன்னர் 1891இல் இறந்தார். 1893இல் அந்த அரசே கவிழ்ந்தது. 1898இல் தீவுகள் அமெரிக்காவோடு சேர்ந்தன. அன்னை மட்டும் அங்கேயே இருந்தார். 1918இல், இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் எடுத்த நிழற்படத்தில், சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். சுற்றிலும் சகோதரியரும் அவர்கள் வளர்த்த பெண்களும். ஆகஸ்டு 9ஆம் நாள், 80ஆம் வயதில் உயிர் துறந்தார். நோயாளரைக் கட்டாயமாகப் பிரித்துவைக்கும் சட்டம் 1969இல்தான் நீங்கியது. அதுவரை சுமார் 8,000 பேர் அங்கே அனுப்பப்பட்டிருந்தனர்.

2005இல் அன்னையின் எலும்புகளைச் சிரக்யூசுக்குக் கொண்டு சென்றார்கள். 2012 அக்டோபர் 21இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். சிரக்யூசின் பழைய மடத்துக் கட்டடங்களை விட்டுச் சகோதரியர் வேறிடம் மாறியதால், 2014இல் அவ்வெலும்புகள் மீண்டும் ஹவாய் சென்றன. 1883இல் அவருக்காக மணி ஒலித்த அதே அமைதி அன்னை பேராலயத்தில் அவை இன்று இருக்கின்றன.