ஒலிம்பிக் களத்திற்கு இந்திய அணியை அனுப்பிய டோராப்ஜி டாடா

மும்பை: இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் தலைவராக விளங்கிய சர் டோராப்ஜி டாடா, தொழிலதிபர் ஜாம்ஷெட்ஜி டாடாவின் மூத்த மகனாக 1859 ஆகஸ்ட் 27 அன்று பம்பாயில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் சிறிது காலம் பயின்று திரும்பிய அவர், 1882-ல் பம்பாய் புனித சேவியர் கல்லூரியில் பட்டம் பெற்றார். தந்தையின் தொழிலில் ஈடுபடும் முன் 'பாம்பே கெஜட்' இதழில் செய்தியாளராகவும் பணியாற்றினார்.

ஜாம்ஷெட்பூர் உருக்காலையும், கல்யாணுக்கு அப்பால் கர்ஜத் கிளைப் பாதையின் கோடியில் உள்ள கோபோலி நீர்மின் நிலையமும் அவரது தலைமையில் உருவானவை.

1919-ல் புணே டெக்கான் ஜிம்கானாவின் விளையாட்டுப் போட்டிகளைப் பார்வையிட்டபோது, நெடுந்தூர ஓட்டத்தில் உழவர்கள் வெறுங்காலுடன் ஓடுவதைக் கண்டார். முறையான பயிற்சி பெறாத அவர்களது வேகம் ஐரோப்பிய வீரர்களுக்குப் பெரிதும் குறைந்ததல்ல என்பதை உணர்ந்தார். ஆனால் வீரர்களைத் தேர்வு செய்து அனுப்ப அன்று நாட்டில் ஓர் அமைப்பு கூட இல்லை. பம்பாய் ஆளுநர் ஜார்ஜ் லாய்டின் உதவியுடன் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அனுமதியைப் பெற்ற அவர், பயணச் செலவுக்குச் சொந்தப் பணத்தையும் அளித்தார்.

1920 ஆன்ட்வெர்ப் போட்டிக்கு நான்கு தடகள வீரர்களும் இரண்டு மல்யுத்த வீரர்களும் சென்றனர். பதக்கம் கிடைக்கவில்லை. எனினும் மாரத்தானில் சௌகுலே 19-வது இடத்தையும், மல்யுத்தத்தில் ரண்தீர் ஷிண்டே நான்காம் இடத்தையும் பெற்றது, முதல் முயற்சிக்குக் குறைவான பயன் அல்ல. அதே ஆண்டில் டோராப்ஜி, சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முதல் இந்திய உறுப்பினரானார்.

1924 அவருக்குக் கடும் சோதனையான ஆண்டு. உருக்காலை நெருக்கடியில் சிக்கியதால், மனைவி மெஹர்பாயின் 245 காரட் ஜூபிலி வைரம் உள்ளிட்ட சொந்தச் சொத்துகளை இம்பீரியல் வங்கியில் அடகு வைத்தார். அந்த ஆண்டிலும் பாரிஸ் போட்டிக்கு இந்திய அணி செல்லத் தவறவில்லை. அணியின் மேலாளராக, சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவிய ஹாரி பக் உடன் சென்றார்.

தனியொருவரின் கொடையை மட்டும் நம்பியிருக்க இயலாது என்ற நிலையில், 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் முறைப்படி அமைந்தது. மறு ஆண்டே டோராப்ஜி தலைமைப் பொறுப்பிலிருந்து விலக, பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைவரானார். 1928 ஆம்ஸ்டர்டாமில் ஹாக்கி அணி முதல் தங்கத்தை வென்றது.

1931-ல் மெஹர்பாய் இரத்தப் புற்றுநோயால் காலமானார். தமது செல்வத்தை அறக்கட்டளைக்கு எழுதி வைத்த டோராப்ஜி, 1932 ஜூன் 3 அன்று ஜெர்மனியின் பாட் கிஸ்ஸிங்கனில் மறைந்தார். இங்கிலாந்தின் புரூக்வுட் கல்லறையில் மனைவியின் அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார். லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் தொடங்க அப்போது இரண்டு மாதங்கள்கூட இருக்கவில்லை.