ஆயிரம் தினார் மனிதர்

அலாவுதீன் கில்ஜியின் விலைக் கட்டுப்பாட்டை வகுப்பில் பல்லாண்டுகள் விளக்கியிருக்கிறேன். அவருடைய தளபதி மாலிக் காபூருக்கு இடப்பட்ட விலையை ஒருமுறையும் சொன்னதில்லை. 1299இல் தில்லிப் படை குஜராத்தைச் சூறையாடியபோது கம்பாத் துறைமுகத்தில் கைப்பற்றப்பட்ட அடிமை அவர், ஆண்மை நீக்கப்பட்டவர். ஆயிரம் தினாருக்கு வாங்கப்பட்டவர் என்பதால் ஹஸார் தினாரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

சந்ததி இல்லாதவர் அரியணையை விரும்பமாட்டார் என்பது அரசவைகளின் பழைய கணக்கு. அந்த நம்பிக்கையில் படை அவர் கைக்கு வந்தது. தேவகிரி, வாரங்கல், துவாரசமுத்திரம் பணிந்தன. 1311இல் மதுரை வரை வந்து பொன்னையும் யானைகளையும் வாரிச் சென்றார். நம் நினைவில் அவர் கொள்ளையர் மட்டுமே. அதில் பிழையில்லை, முழுமையும் இல்லை.

1316இல் சுல்தான் இறந்ததும் கணக்கு பொய்த்தது. மூத்த இளவரசரின் கண்களைப் பறிக்கச் செய்து, ஒரு சிறுவனை அரியணையில் அமர்த்தித் தாமே ஆண்டார். ஏறத்தாழ ஒரு மாதம். பிறகு, மறைந்த சுல்தானின் மெய்க்காவலர்களே அவரை வெட்டிக் கொன்றனர்.