மேரி வர்கீஸ் அம்மையார்

நீடாமங்கலத்தைச் சூழ்ந்த வயல்களை நடவுக் காலத்தில் சென்று நோக்குவோர், சேற்றில் வரிசையாய்க் குனிந்து நாற்று நடும் பெண்டிரைக் காண்பர். அறுப்புக் காலத்திலோ, நெல் மூட்டைகளை முதுகில் ஏந்திச் சென்று லாரியில் அடுக்கும் ஆடவரைக் காண்பர். காவிரி நாட்டின் செல்வம் முதுகின் வலிமையாலன்றோ விளைகின்றது? ஆதலின், இடுப்பு வலியால் நெடுநாள் நொந்து, இறுதியில் கீழ் முதுகில் சத்திர சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்புவோர் இப்பக்கத்தில் அரியரல்லர். தென்னையினின்று வீழ்ந்து தண்டுவடம் சிதைந்தோரும் உளர். சிகிச்சை செவ்வனே முடிந்ததென்று வைத்தியர் கூறிய பின்னரும், ஒருவர் சில திங்களில் வயற்கரைக்குச் செல்ல, மற்றொருவர் ஆண்டு கழிந்தும் கட்டிலை விட்டு எழாதிருப்பது ஏன்? இவ்வினாவோடு வேலூர் மேரி வர்கீஸ் அம்மையாரின் சரிதத்தை நோக்குதல் பயன் தரும்.

அம்மையார் 1925-ஆம் ஆண்டில் கொச்சி நாட்டில் பிறந்தவர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் பயின்றபின், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து வைத்தியரானார். 1900-ஆம் ஆண்டில் ஒரே கட்டிலோடு ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய அச்சிறு வைத்தியசாலை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, பின்னர்க் கல்லூரியாய் ஓங்கிய வரலாறு நம் வாசகர் பலரும் அறிந்ததே.

1954-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், உடன் பணிபுரிவோர் சிலருடன் அம்மையார் சென்ற மோட்டார் வண்டி வழியிற் கவிழ்ந்தது. முகத்திற் பெருங் காயம். அதனினும் கொடிதாகத் தண்டுவடம் சிதைந்து, இரு கால்களும் உணர்வற்றுப் போயின. சிகிச்சைகள் பல நடந்தன. அவற்றால் உயிர் நின்றது, கால்கள் மீளவில்லை. பிற நோயாளர்க்கு நம்பிக்கை என்னும் திரையாவது சில நாள் மறைப்பாக நிற்கும். இவரோ வைத்தியர், தம் நிலை இன்னதென்று தாமே அறிந்தவர். அப்பொழுது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை.

தண்டுவடம் முறிந்தோரின் கதி அதற்குச் சில ஆண்டுகட்கு முன்வரை எத்தகையதாயிருந்தது என்பதையும் இங்கு நினைக்க வேண்டும். படுக்கைப் புண்ணும் சிறுநீர்ப் பாதையின் நச்சும் பெரும்பாலோரைத் திங்கட் கணக்கிலேயே கொண்டுபோயின. 1944-இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்னுமிடத்தில் லுட்விக் குட்மன் என்னும் வைத்தியர், போரில் முறிவுற்ற வீரர்களைக் குறித்த வேளையிற் புரட்டிப் படுக்க வைத்தும், தொழிலும் விளையாட்டும் பயிற்றியும் அக்கதியை மாற்றிக் காட்டினார். கத்தியால் ஆகாதது பராமரிப்பால் ஆயிற்று. நம் நாட்டில் அவ்வகைப் பராமரிப்புக்கென ஓர் இல்லம் அந்நாளில் இல்லை.

அம்மையாரைப் படுக்கையினின்றும் எழுப்பியது ஒரு வேலை. தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநார் மாற்றி நிமிர்த்தும் சிகிச்சையில் வல்லவரான பால் பிராண்டு வைத்தியர் அப்பொழுது வேலூரில் இருந்தார். கை விரல்களுக்கான சத்திர சிகிச்சையை வைத்தியர் அமர்ந்தே செய்தல் கூடும். ஆகவே சக்கர நாற்காலியில் இருப்பவர்க்கு அது விலக்கன்று என்பதை அவர் கண்டார். இஃது எளிய எண்ணந்தான். ஆயினும் அதனை எண்ணுதற்கு ஒருவர் வேண்டியிருந்தது. நடக்கவியலாத அம்மையார், பிடிக்கவியலாத கைகளைச் சீராக்கத் தொடங்கினார். இழந்தவற்றை நோக்கியிருந்த மனம் எஞ்சியவற்றின்பால் திரும்பிற்று.

பின்னர், ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகருக்குச் சென்று, பிறர் துணையின்றித் தம் காரியங்களைத் தாமே நடத்தும் பயிற்சியைப் பெற்றார். தாம் பெற்றதைத் தம் நாட்டாரும் பெறவேண்டுமென்னும் வேட்கையால், அமெரிக்கா சென்று நியூயார்க்கில் ஹவர்ட் ரஸ்க் என்பவரிடம் மறுவாழ்வு மருத்துவம் கற்றார். இரண்டாம் உலகப் போரில் விமானப்படை வைத்தியராயிருந்தவர் ரஸ்க். படுத்தே கிடக்கும் வீரனைவிடப் பயிற்சியிலும் தொழிலிலும் ஈடுபடுத்தப்படும் வீரன் விரைந்து தேறுவதை ஆங்குக் கண்டு, அதனையே ஒரு மருத்துவத் துறையாக வளர்த்தவர்.

1962-இல் அம்மையார் வேலூர் மீண்டார். மறுவருடம் அத்துறையின் பொறுப்பை ஏற்றார். 1966-இல் பாகாயத்தில், உள்நோயாளரைத் தங்கவைத்துப் பயிற்றும் மறுவாழ்வு இல்லம் எழுந்தது. இந்தியாவில் அத்தகையவற்றுள் அதுவே முதலாவது. 1972-இல் அரசினர் பத்மஸ்ரீ விருதளித்தனர்.

அம்மையாருக்கு நேர்ந்தது தண்டுவட முறிவு. நம் ஊர்க் குடியானவரைக் கத்திக்கு உட்படுத்துவது பெரும்பாலும் கீழ் முதுகின் வட்டுப் பிதுங்கி நரம்பை நெருக்கும் நோய். இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் சிகிச்சைக்குப் பின்வரும் தேற்றம் இரண்டிலும் சத்திர வைத்தியரின் கையோடு முடிவதில்லை. நரம்பு நெடுங்காலம் நெருக்குண்டு கிடந்தபின் வருவோர்க்குப் பயன் குறைவு. புகைபிடித்தல் எலும்பு கூடுவதைத் தடுக்கும்; அடங்காத நீரிழிவு புண்ணிற் சீழ் வைக்கும். இவற்றோடு ஒப்ப வலியது மனம். அசைந்தால் முதுகு முறிந்துவிடும் என்னும் அச்சமும், உள்ளச் சோர்வும், திரும்பிச் செல்ல வேலை இல்லையென்னும் கவலையும், நன்கு முடிந்த சிகிச்சையையும் வீணாக்குதல் உண்டு. இக்காலத்து வைத்தியர் பெரும்பாலும் சிகிச்சை நடந்த அன்றோ மறுநாளோ நோயாளரை எழுந்து நடக்கச் சொல்லுகின்றனர். பளு தூக்குதலை மட்டும் சில வாரங்கள் விலக்குகின்றனர்.

நம் வீடுகளில் நடப்பதோ வேறு. உற்றார் அன்பு மிகுதியால் அவரைத் திண்ணைக்குக்கூட வரவிடார்; தண்ணீர்ச் செம்பும் கைக்கே வரும். மூன்று திங்களில் தசை வற்றுகின்றது. அவ்வன்பைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் வேலூர் இல்லத்தில் உறவினரையும் உடனிருத்திப் பயிற்றும் முறையின் அருமை இதனால் விளங்கும். எதனைத் தாம் செய்துகொடுக்க வேண்டும், எதனை நோயாளரே செய்ய விட்டுக் கைகட்டி நிற்க வேண்டும் என்பதை அவர்கள் ஆங்குக் கற்கின்றனர். 2021-இல் தமிழக அரசினர் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின்படி, உடற்பயிற்சி வைத்தியர் கிராமத்து வீடுகளுக்கே வருதல் நற்செய்தி. அவர் வரும் நாளில் நோயாளர் உறங்குகிறார் என்று திருப்பி அனுப்பாதிருப்பார்களாக.

அம்மையார் 1986-ஆம் ஆண்டு டிசம்பரில் காலமானார். சக்கர நாற்காலியில் அவர் கழித்த காலம் முப்பத்திரண்டு ஆண்டுகள். கால்களால் நடந்த காலத்தினும் அது நீண்டது. பாகாயத்து இல்லத்திற் பயின்று ஊர் திரும்பியோர், அங்கு நடைபெறும் மேளாவுக்குப் பற்பல இடங்களிலிருந்தும் வருவதுண்டு. கடை நடத்துவோரும், தையல் தொழிலாளரும், மக்களைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மாரும் அங்கே ஒருவரையொருவர் நலம் விசாரித்து, நாற்காலிச் சக்கரங்களை உருட்டிப் பந்தயம் ஓடுகின்றனர்.