ஆசிரியர்களுக்கு இயற்கையைக் கற்பித்தவர்

அமெரிக்காவில் 1893-ஆம் ஆண்டு ஏற்பட்ட பொருளாதார நெருக்கடி வேளாண்மையையும் விட்டுவைக்கவில்லை. நியூயார்க் மாகாணத்தின் கிராமப்புற இளைஞர்கள் பிழைப்புத் தேடி நகரங்களில் குவிந்தனர். இதற்குத் தீர்வு காண முயன்றவர்கள், மண்ணின் மீதான பற்று பள்ளிப் பருவத்திலேயே வேரூன்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்தனர். வெஸ்ட்செஸ்டர் வட்டாரப் பள்ளிகளில் இயற்கைக் கல்வி அறிமுகமானது. அம்முயற்சிக்கு உயிரூட்டியவர் அன்னா பாட்ஸ்ஃபோர்டு காம்ஸ்டாக்.

1854-இல் நியூயார்க் மாகாணத்தில் பிறந்த அவர், 1874-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்குப் பூச்சியியல் கற்பித்த ஜான் ஹென்றி காம்ஸ்டாக்கை 1878-இல் மணந்தார். கணவரின் நூல்களுக்குப் படம் வரைவதற்காகவே மரச்செதுக்குக் கலையைக் கற்றுத் தேர்ந்தார்.

இயற்கைக் கல்வியைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பது எளிதாக இருந்தது. கற்பிப்பதுதான் கடினமாக இருந்தது. மாணவன் கொண்டுவந்து காட்டும் புழுவையோ செடியையோ பற்றி ஆசிரியருக்கே எதுவும் தெரியாது. அந்த அச்சத்தைப் போக்குவதையே அன்னா தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார். மாகாண அரசின் நிதியுதவியுடன் கார்னெல் பல்கலைக்கழகம் வெளியிட்ட துண்டுப் பிரசுரங்கள் கிராம ஆசிரியர்களைச் சென்றடைந்தன. கோடை விடுமுறையில் வகுப்புகள் நடைபெற்றன. வீட்டிலிருந்தே பயிலும் பாடங்களை அவர் பல ஆண்டுகள் தொடர்ந்து எழுதினார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, மாணவருடன் சேர்ந்து விடை தேடுவதில் ஆசிரியருக்கு இழுக்கில்லை என்பதே அவருடைய போதனையின் சாரம்.

அப்பாடங்களைத் தொகுத்து 1911-இல் அவர் வெளியிட்ட இயற்கைக் கல்விக் கையேடு 900 பக்கங்களுக்கும் மேற்பட்டது. நட்டம் உறுதி என்று கணவர் அஞ்சினார். ஆனால், அந்நூல் 20-க்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது.

ஆசிரியர்களுக்கே ஆசிரியராக விளங்கியவருக்குப் பல்கலைக்கழகம் உரிய இடத்தை எளிதில் அளித்துவிடவில்லை. 1899-இல் வழங்கப்பட்ட உதவிப் பேராசிரியர் பதவி, பெண் என்பதால் எழுந்த எதிர்ப்பினால் விரிவுரையாளர் நிலைக்குக் குறைக்கப்பட்டது. 1913-இல்தான் அப்பதவி மீண்டும் கிடைத்தது, 1920-இல் பேராசிரியரானார். 1930-இல் மறைந்தார்.

சுற்றுச்சூழல் கல்விக்கான ஆசிரியர் பயிற்சி இன்று பெரும்பாலும் ஓரிரு நாள் முகாமுடன் முடிந்துவிடுகிறது. அன்னாவோ ஆசிரியரை ஒருமுறை அழைத்துப் பேசி அனுப்பிவிடவில்லை. ஆண்டுதோறும் அவருக்கு எழுதிக்கொண்டே இருந்தார். பயிற்சிக்குச் செலவிடப்படும் பணம் முதலீடாவதும் வீணாவதும் அந்தத் தொடர்ச்சியைப் பொருத்ததே.