கணக்குப் போட்ட கைவிளக்கு!

குட்டீஸ்... கணக்குப் பாடம் என்றாலே சிலருக்கு வயிற்றைக் கலக்கும் இல்லையா? அந்தக் கணக்கை வைத்தே ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் காத்தவர் ஒருவர் உண்டு. அவர்தான், 'கைவிளக்கு ஏந்திய காரிகை' பிளாரன்ஸ் நைட்டிங்கேல்!

இங்கிலாந்தைச் சேர்ந்த பணக்காரக் குடும்பத்தில், 1820, மே 12ல் பிறந்தார். பெற்றோர் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் தங்கியிருந்தபோது பிறந்ததால், ஊரின் பெயரே குழந்தைக்கும் ஆனது. சிறுவயதிலிருந்தே கணக்கு என்றால் அவருக்கு உயிர். நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றதும், வீட்டில் பெரும் எதிர்ப்பு. ஆனாலும், விடாப்பிடியாக நின்று ஜெர்மனியில் பயிற்சி பெற்றார்.

கிரீமியப் போரில் காயமடைந்த வீரர்கள், துருக்கியில் இருந்த ஸ்கூடாரி ராணுவ மருத்துவமனையில் குவிந்தனர். 1854 நவம்பரில், 38 நர்சுகளுடன் அங்கே போனார் பிளாரன்ஸ். எங்கும் அழுக்கு, எலி, துர்நாற்றம்! பத்திரிகை வாசகர்கள் அனுப்பிய நன்கொடையில், வீரர்களுக்குச் சட்டை, போர்வை எல்லாம் வாங்கினார்.

ஆனால், ஒரு விஷயம் அவரை உறுத்தியது. எத்தனை பேர் இறந்தனர், எதனால் இறந்தனர் என்பதற்கு ஒழுங்கான பதிவேடே இல்லை. ஒரு அலுவலகத்தின் கணக்கு, இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை.

1855 பிப்ரவரியில், சிகிச்சைக்கு வந்த 100 பேரில், 42 பேர் இறந்தனர். மார்ச்சில், அரசு அனுப்பிய சுகாதாரக் குழு, கட்டடத்தின் அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடைகளைச் சுத்தம் செய்தது. ஜூனில் இறப்பு, 100க்கு 2 ஆகக் குறைந்தது!

நாடு திரும்பிய பிளாரன்ஸ், அந்தக் கணக்குகளை அலசினார். குண்டு பட்டு இறந்தவர்களைவிட, காலரா, பேதி, காய்ச்சலால் இறந்தவர்களே அதிகம் என்பது தெளிவானது. வெறும் எண்களை யார் படிப்பார்கள்? அதனால், பூவிதழ் போல விரியும் வண்ண வரைபடமாகப் போட்டுக் காட்டினார். அமைச்சர்களுக்கும் புரிந்தது!

அடுத்து அவர் பார்வை திரும்பியது இந்தியாவுக்கு. அப்போது, நம் பூந்தமல்லியிலும் வெள்ளைக்கார சிப்பாய்களின் கண்டோன்மென்ட் இருந்தது. இந்தியா முழுவதும் இருந்த ராணுவ முகாம்களுக்கு, கேள்வித்தாள்கள் போயின. குடிநீர் எங்கிருந்து வருகிறது? கழிவுநீர் எங்கே போகிறது? எத்தனை பேர் இறந்தனர்? வந்த பதில்களை, நோயில் படுத்த படுக்கையாக இருந்தபடியே படித்துத் தொகுத்தார். ஆண்டுக்கு 1,000 வீரர்களில் 69 பேர் இறப்பது தெரிந்தது.

1863ல், 2,000 பக்கங்களுக்கு மேல் அறிக்கை வந்தது. ஆனால், எல்லாரும் வாங்கிப் படிக்கக்கூடிய சுருக்கப் பதிப்பில், அவர் எழுதிய பகுதியைக் காணோம்! பிளாரன்ஸ் சும்மா இருக்கவில்லை. சொந்தச் செலவில் அச்சடித்துப் பலருக்கும் அனுப்பினார். தெரிந்த உண்மை, பெட்டிக்குள் கிடந்தால் யாருக்குப் பயன்? முகாம்களில் சுகாதாரம் மேம்பட்டது. பத்தே ஆண்டில் இறப்பு, 1,000க்கு 18 ஆனது.

1876 - 78ல் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோதும், விவரங்களைத் திரட்டி, நம் விவசாயிகளின் துயரத்தை இங்கிலாந்து பத்திரிகைகளில் எழுதினார். இத்தனைக்கும், அவர் ஒருமுறைகூட இந்தியாவுக்கு வந்ததில்லை! 1910, ஆகஸ்ட் 13ல், 90வது வயதில் காலமானார். அவர் பிறந்தநாளே, உலக செவிலியர் தினம்.

குட்டீஸ்... 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்ததை, அப்பா, அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அதுபோன்ற நேரத்தில், முகாமில் எத்தனை கைக்குழந்தைகள், யாருக்குக் காய்ச்சல், எந்தத் தெருவுக்கு இன்னும் சாப்பாடு போகவில்லை என்று ஒருவர் நோட்டில் குறித்து, மற்ற தொண்டர்களிடமும் சொன்னால் போதும். உதவி சரியான வாசலைத் தட்டும். அந்த நோட்டும் ஒரு கைவிளக்குதான்!