இடிந்த நகரில் ஒளியை எண்ணியவர்

உடுப்பு அலுமாரியில் போடும் பூச்சி உருண்டையை அறியாத வீடு நம்மிடையே இல்லை. அது செய்யப்படும் நப்தலீனைக் கொண்டு ஒருவர் கதிரியக்கத்தை அளந்தார் என்று வாசித்த பிறகுதான் ஹார்ட்முட் கால்மனைப் பற்றித் தேடத் தொடங்கினேன்.

1896 இல் பேர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்த கால்மன், மக்ஸ் பிளாங்கிடம் படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஃபிரிட்ஸ் ஹாபரின் ஆய்வு நிறுவகத்தில் பணியாற்றினார். 1933 இல் ஆட்சிக்கு வந்த நாசிகள் யூதர்களை அரச பணிகளிலிருந்து நீக்கியபோது அவரும் வேலை இழந்தார். மனைவி யூதர் அல்லாதவர் என்பதால் உயிர் தப்பினார். போர் முடியும் வரை பேர்லினிலேயே இருந்தார்.

அதற்கு முன்னர், கதிர்கள் பட்டு மின்னும் பொட்டுகளை ஆய்வாளர்கள் இருட்டறையில் இருந்து கண்ணால் எண்ணினார்கள். பிறகு அந்தப் பொட்டுகளைப் பிடிக்க ஒளிப்பெருக்கிக் குழாய் வந்தது. அது மங்கலான ஒளியை இலத்திரன்களாக மாற்றி, பல மடங்கு பெருக்கி, மின் துடிப்பாகத் தரும். ஆனால் வழக்கமாகப் பயன்பட்ட நாகசல்பைட்டுத் தூளைத் தடிப்பாகப் பூசினால், உள்ளே உண்டாகும் ஒளி வெளியே வராது. நப்தலீன் தன் ஒளியைத் தானே விழுங்காது என்பதைக் கால்மன் கண்டார். போரில் நொறுங்கிய பேர்லினில், 1947 இல், தடித்த நப்தலீன் துண்டையும் ஒளிப்பெருக்கியையும் இணைத்தார். ஊடுருவிச் செல்லும் காமாக் கதிரையும் அதனால் எண்ண முடிந்தது.

1948 இல் அமெரிக்கா சென்றார். நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1978 இல் காலமானார்.

இன்று இத்தாலியின் கிரான் சாசோ மலைக்குக் கீழே, கரும்பொருளைத் தேடும் கருவியொன்றில் பல தொன் திரவச் செனன் இருக்கிறது. துணிக்கை மோதினால் செனன் மின்னும். அந்த ஒளியைப் பிடிக்க 494 ஒளிப்பெருக்கிகள் காத்திருக்கின்றன. நப்தலீனின் இடத்தில் செனன் வந்திருக்கிறது, வழிமுறை அதேதான்.

அழிவுதான் மனிதரை உயர்த்துகிறது என்று சொல்ல இதை எழுதவில்லை. அப்படிச் சொல்பவர்கள் நம்மிடமும் வருகிறார்கள். வேலை நீக்கப்பட்டபோது கால்மனுக்கு வயது 37. மீண்டும் பதவி கிடைத்தபோது ஐம்பதை நெருங்கியிருந்தார். பறிபோன அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் எதைக் கண்டுபிடித்திருப்பார் என்பதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது.